வேலையை விடுவதில் பள்ளி முதலிடம்

வேலையை விடுகிறேன் என்று மோகன்குமார் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படித்த அலுவலகப் பெண், பத்தாம் வகுப்பில் கணக்கில் அவனுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டாள்.

ஐம்பத்தொன்று என்றான்.

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "அப்படின்னா கோச்சிங் சேர்ந்துருங்க சார். நேராப் போயி எழுதினா தேற மாட்டீங்க."

வேலையை விடுவதற்கும் ஒரு தேர்வு உண்டு என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். ஆனால் அது ஆசிரியர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தான். பேருந்துப் பிரிவுக்கும் உண்டு, தேறாதவர்கள் மறுபடி எழுதலாம், அதுவரை வேலைக்கு வந்துகொண்டிருக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். அவனுடைய டிப்ளமோ சான்றிதழின் அசல் அலுவலக இரும்பு பீரோவில் இருந்தது. தேர்வில் தேறியவர்களுக்குத்தான் பீரோ திறக்கும்.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, சோளக்காடுகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் இடையில் எழுந்து நிற்கிற வெற்றிமுகடு உண்டு உறைவிடப் பள்ளியில் தேர்வில்லாமல் எதுவும் நடப்பதில்லை. பிள்ளைகளுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை; திங்கட்கிழமை, ஒழுங்காக ஓய்வெடுத்தார்களா என்று ஒரு சின்னத் தேர்வு. காவலாளிகள் மாதம் ஒருமுறை கேட்டைச் சாத்திக் காட்ட வேண்டும். சமையல்காரர்களுக்கு ரசத்தில் செய்முறைத் தேர்வு. வளாகத்தில் திரிந்த இரண்டு நாய்களில் எது முதல் ரேங்க் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

தாளாளர் மயில்சாமி பள்ளி தொடங்குவதற்கு முன் பெரிய கோழிப்பண்ணை வைத்திருந்தவர். விளக்கை அதிக நேரம் எரியவிட்டால் கோழி அதிகம் முட்டையிடும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. விடுதியிலும் விளக்குகள் எரிந்தன. ஒருமுறை நடுவருடத்தில் ஐந்து ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் வேலையை விட்டுப் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போனதைவிட, எந்தத் தகுதியும் இல்லாமல் போனதுதான் அவரை வருத்தியது. வேலைக்குச் சேரத் தேர்வு இருக்கும்போது விடுவதற்கு ஏன் இல்லை என்று ஊழியர் கூட்டத்தில் கேட்டார். பணி விலகல் தகுதித் தேர்வு அப்படித்தான் பிறந்தது.

மோகன்குமாருக்கு இது தெரிந்ததும் முதலில் வந்தது கோபம் இல்லை. நிம்மதி.

அவன் பேருந்துப் பிரிவின் மேற்பார்வையாளன். விடிவதற்கு முன்பிருந்தே, விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளின் பெற்றோர் போன் செய்து பஸ் எங்கே என்று கேட்பார்கள். பஸ் எங்கே என்று அவன் டிரைவரைக் கேட்பான். டிரைவர், நான் பஸ்ஸில் இருக்கிறேன் என்பார். இதிலேயே வயது முப்பத்தாறு ஆகிவிட்டது. வீட்டிலோ மனைவி தனப்பிரியா அரைத்து விற்ற இட்லி மாவுக்கு ஆள் கூடிக்கொண்டே வந்தது. அக்கம்பக்கத்துக்கென்று ஒரு கிரைண்டரில் ஆரம்பித்தாள். இப்போது மூன்று கிரைண்டர் ஓடுகிறது. ஓடும்போது சுவரில் மாட்டிய சாமி படங்கள் ஆடுகின்றன. ராசிபுரத்தில் காய்கறி மார்க்கெட் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடை கிடைத்திருந்தது. ஆவணி பிறந்ததும் சாவி தருவதாக உரிமையாளர் சொல்லியிருந்தார். அரைப்பது அவள், கடையையும் சப்ளையையும் பார்ப்பது அவன் என்று பேச்சு.

பேச்சு இருந்தது. அவனுக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி செல்போனில் சம்பளம் ஏறிய செய்தி வரும். அதை இரண்டு தடவை படிப்பான். மாவு வியாபாரத்தில் அப்படிச் செய்தி அனுப்ப யார் இருக்கிறார்கள்? மழை பெய்தால் மாவு புளிக்காது. வெயில் அடித்தால் அதிகம் புளித்துவிடும். மழையும் வெயிலும் இல்லாத இதமான நாளில் ஜனங்கள் பரோட்டா சாப்பிடப் போய்விடுவார்கள். இப்படி யோசித்து யோசித்து, ராஜினாமாக் கடிதத்தை மூன்று முறை எழுதினான். மூன்றையும் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்திருந்து, மழை நாளில் சீட்டைத் துடைக்கப் பயன்படுத்தினான். நான்காவதைத்தான் கொடுத்தான். இப்போது தேர்வு வந்துவிட்டது. தோற்றுவிட்டால் போக வேண்டியதில்லை. போகாததற்கு அவனும் பொறுப்பில்லை.

கோச்சிங் சனிக்கிழமை மாலைகளில் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. பாடம் எடுத்தவர் சந்திரசேகர் சார். ஆத்தூர்க்காரர். ஒடிசலாக, எப்போதும் சட்டைப் பையில் மூன்று பேனாவோடு இருப்பார். வேலையை விட விரும்பும் பதினைந்து இருபது பேர் ஸ்டூல்களில் அமர்ந்திருந்தார்கள். அவனுக்குப் பக்கத்தில் விளையாட்டு ஆசிரியர் முகம்மது ஹனீப். சேலத்தில் அண்ணனோடு சேர்ந்து செருப்புக்கடை வைக்க வேண்டும் என்று நான்காவது முறையாக எழுதிக்கொண்டிருந்தார். போன தடவை எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். ரெக்கார்டு நோட்டில் பச்சை மை பயன்படுத்தியதால் போய்விட்டது.

முதல் பாடம் நன்றியுணர்வு. இரண்டாம் பாடம் அச்சம். "எழுதிக்குங்க," என்றார் சந்திரசேகர். "அச்சம் என்பது மாதச் சம்பளம் இல்லாத எதிர்காலத்தை நினைக்கும்போது அடிவயிற்றில் தோன்றி முழங்கால்வரை பரவும் ஒரு நடுக்கம். ரெண்டு மார்க் கேள்வி. முழங்காலை விட்டுட்டா ஒரு மார்க் போயிடும்."

ஐயம் மூன்றாம் பாடம். அச்சத்துக்கும் ஐயத்துக்கும் ஐந்து வேறுபாடுகள் தரவேண்டும். நான்காவது பாடம் செய்முறை: கேட்டைத் தாண்டிப் போட்ட சுண்ணாம்புக் கோடு வரை திரும்பிப் பார்க்காமல் நடந்து போய், திரும்பி வருவது. திரும்பி வராதவர்களுக்கு மதிப்பெண் கிடையாது, ஏனென்றால் மதிப்பெண் போடும்போது ஆள் இருக்க வேண்டும். நெஞ்சு படபடப்பதை இதயத்தின் படம் வரைந்து, கலர் பென்சிலால் தீட்டி, பாகங்களைக் குறிக்க வேண்டும்.

முதல் மாதத் தேர்வில் மோகன்குமார் குறைவாக எடுத்தான். பாதுகாவலரை அழைத்து வரச் சொன்னார்கள். தனப்பிரியா வந்தாள். கையில் ஒட்டிக் காய்ந்த மாவோடுதான் வந்தாள். சந்திரசேகர் அவளை எதிரே உட்காரவைத்து, விடைத்தாளைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் நல்லாப் படிக்கறவர்தாம்மா. ஆனா அச்சத்துல ரொம்ப வீக்கா இருக்கார்."

"அது கண்ணாலம் பண்ணுன நாள்லயிருந்தே தெரியுமுங்க," என்றாள் தனப்பிரியா. பிறகு, இந்தத் தேர்வை எழுதாமல் நாளையிலிருந்து அவர் வராமலேயே இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

சந்திரசேகருக்கு வியர்த்துவிட்டது. தேர்வெழுதாமல் போனால் அது விலகல் ஆகாது, ஓடிப்போவது என்று சொல்லிவிட்டு, பீரோவில் இருக்கும் சான்றிதழை நினைவுபடுத்தினார்.

"மாவு வாங்க வாரவங்க சர்ட்டிபிகேட் கேக்கறதில்லீங்களே," என்றாள் அவள்.

அவள் அவரிடம் சொன்னாலும் பார்த்தது கணவனை. மோகன்குமார் ஜன்னல் வழியே பஸ்களை எண்ணுவது போலப் பார்த்தான். கடை ஓடாவிட்டால் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு மறுபடி எங்காவது வேலைக்குப் போகலாம் என்பதுதான் அவன் மனதில் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அதையும் சொன்னான். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த அவள் கையில் காய்ந்த மாவை உரித்துக்கொண்டு வந்தாள்.

ஆடிக் கடைசியில் தேர்வு வந்தது. தோற்பது நிச்சயம் என்ற தெம்போடு மோகன்குமார் போய் உட்கார்ந்தான். 'பின்வருவனவற்றுள் எது அச்சம் அன்று?' என்ற கேள்விக்கு நான்கு விடைகளில் மூன்று அவனுக்கு அச்சமாகவே பட்டதால் நான்காவதைக் குறித்தான், சரியாக இருந்தது. கடைசியில் ஒரு பெரிய கேள்வி: 'சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவரின் மனத்தில் எழும் ஐயங்களை விவரி.' அவன் எழுத ஆரம்பித்தான். மழை, வெயில், பரோட்டா, மின்வெட்டு, உளுந்து விலை, மாமனார், கடைக்கு எதிரே இன்னொரு மாவுக்கடை வருவது, அந்தக் கடைக்காரன் தன்னைவிடச் சிரித்துப் பேசுபவனாக இருப்பது. கூடுதல் தாள் கேட்டு வாங்கினான். மறுபடி கேட்டான். மணி அடித்தபோது, 'திடீரென்று ஊருக்கே சர்க்கரை வியாதி வந்து எல்லோரும் கோதுமைக்கு மாறினால்' என்ற இடத்தில் இருந்தான். தாளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

பள்ளியளவில் முதலிடம்.

மறுநாள் கேட்டில் ஃபிளக்ஸ் பேனர் நின்றது. மருத்துவப் படிப்புக்குத் தேர்வான பிள்ளைகளுக்கு மேலே, மாலையும் கழுத்துமாக மோகன்குமார். கீழே, 'வேலையை விடுவதில் பள்ளி முதலிடம். வாழ்த்தி மகிழும் நிர்வாகம்.' அவனைத் தினமும் போனில் திட்டும் பெற்றோர் சிலர் அன்றைக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுத் திட்டினார்கள்.

பாராட்டு விழாவில் மயில்சாமி சால்வை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பள்ளிக்கூடத்துல பயமில்லாம ஒருத்தரும் மார்க்கு வாங்குனதில்லீங்க. பிள்ளைகளுக்கு வாத்தியார் பயம். வாத்தியாருக்கு என்னப் பாத்துப் பயம். எனக்குப் பெத்தவிய பயம். பெத்தவிய பக்கத்து ஊட்டுப் பிள்ளையப் பாத்துப் பயப்படறாங்க. இப்புடி செயின் போட்டு ஓட்டற வண்டிங்க இது. பயத்தப் பத்தி இத்தன தாளு எழுதுன ஆள, நாம பஸ் ஷெட்டுல வெச்சிருந்துருக்கறோம். அது என்ற தப்புங்க."

கைதட்டல் அடங்கக் காத்திருந்தார்.

"இப்ப ஒண்ணு கேக்கறன். இத்தன நல்லா வேலைய உடத் தெரிஞ்ச மனுசன வெளிய உடலாமுங்களா? உட்டா என்னாகும்? நாளைக்கு வேறொரு பள்ளிக்கூடத்துக்காரன் கூட்டிட்டுப் போயி, அங்க வேலைய உட வெச்சு, அவன் பேரு வாங்கிட்டுப் போயிருவான். மோகன்கொமாரு சாமி, நீ இனிமே பஸ் பாக்க வேண்டாம். சந்திரசேகரோட சேந்து பாடம் நடத்து. சம்பளம் ஒசத்திக் குடுக்கறன். உன்ற ராஜினாமாவ நான் பத்திரமா வெச்சிருக்கறன்."

அரங்கம் எழுந்து நின்றது. மோகன்குமாருக்குக் கண் கலங்கியது. இனி விடியற்காலை போன் இல்லை. சம்பளம் உண்டு, கூடுதலாகவும் உண்டு. தவிர, வேலையை விட்ட பெருமையும் கிடைத்துவிட்டது. வழியில் நிறுத்தி ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

தனப்பிரியா கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். எப்போது விடுவிக்கிறார்கள் என்று கேட்டாள். அவன் நடந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே குரல் தேய்ந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றாள்.

"நீங்க பயப்படறது எனக்குக் கஷ்டமில்லீங்க. பயந்துக்கிட்டே வந்து நின்னாக்கூடக் கடைதான் அது. இதப் போயி சந்தோசம்னு நெனச்சு இனிப்பு வாங்கிட்டு வந்தீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவன் டப்பாவை மூடினான்.

"புதங்கிழமை கடையத் தொறக்கறனுங்க. லீவு கெடச்சா வாங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி கல்லைக் கழுவப் போனாள்.

லீவு கிடைக்கவில்லை. விடுப்புத் தகுதித் தேர்வு வியாழக்கிழமைதான் வைத்திருந்தார்கள். புதன் முழுக்க அவன் புதிதாகக் கொடுத்திருந்த அறையில், புதிதாகக் கொடுத்திருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, இந்த நேரத்தில் ரிப்பன் கட்டியிருப்பாள், இந்த நேரத்தில் முதல் பாக்கெட் விற்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவள் ரிப்பன் ஏதும் கட்டவில்லை என்பது மாலையில் வீட்டில் தெரிந்தது. ஷட்டரைத் தூக்கத் தெம்பில்லாமல் பக்கத்துப் பூக்கடைக்காரரைக் கூப்பிட்டாளாம். அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். அவன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

சனிக்கிழமை முதல் வகுப்பு. அதற்கு முன் சந்திரசேகர் அவனைத் தேநீர் குடிக்க அழைத்துப் போனார். பாடத்திட்டம், மாதிரி வினாத்தாள் எல்லாம் கையளித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, முதல் பேட்ச்சில் முதல் ரேங்க் எடுத்தது தான்தான் என்றார். அவர் படம்கூட அப்போது கேட்டில் நின்றதாம். ஆத்தூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகக் கடை வைக்க இடமெல்லாம் பார்த்திருந்தாராம்.

"அப்புறம் ஏன் சார் போகல?"

"போயிடுவேன்," என்றார் சந்திரசேகர். "இந்த பேட்ச் மட்டும் முடியட்டும்."

அதை அவர் எத்தனையோ முறை சொல்லிப் பழகிய குரலில் சொன்னார். மோகன்குமார் அவர் சட்டைப் பையிலிருந்த மூன்று பேனாக்களைப் பார்த்தான். அடிவயிற்றில் தோன்றி முழங்கால்வரை பரவியது.

வகுப்பில் முப்பது பேர் நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். புது பேட்ச்சில் கணக்கு டீச்சர் ஷாலினி முன் வரிசையில் இருந்தாள். ஹனீப் ஐந்தாவது முறையாகச் சேர்ந்திருந்தார். மோகன்குமார் கரும்பலகை முன் நின்றான். நன்றியுணர்விலிருந்து தொடங்க வேண்டும். செய்முறையை முதலில் பார்த்துவிடலாம் என்று சொல்லி எல்லோரையும் கேட்டுக்கு அழைத்துப் போனான்.

"பாத்துக்குங்க," என்றான்.

திரும்பிப் பார்க்காமல் நடந்தான். காவலாளிக்கு அன்றைக்குக் கேட்டைத் திறக்கும் தேர்வு என்று எண்ணம். மிக அழகாகத் திறந்தார். வழக்கமாகத் திரும்ப வேண்டிய சுண்ணாம்புக் கோடு வந்தது. மோகன்குமாரின் கால்கள் வெடவெடவென்று ஆடின. ஒரு கணம் நின்றான். பீரோ, முதல் தேதி, சுழல் நாற்காலி எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன. ஷட்டரைத் தூக்க அவள் பூக்கடைக்காரரைக் கூப்பிட்டதும் ஞாபகம் வந்தது. ஆடுகிற காலோடு கோட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனான். ராசிபுரம் டவுன் பஸ் வந்தது. கையைக் காட்டி ஏறிக்கொண்டான்.

ஜன்னல் வழியே பார்த்தபோது முப்பது பேரும் நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஹனீப் மட்டும் பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடிவந்தார்.

"சார், படியில வச்சது வலது காலா, இடது காலா?"

மோகன்குமாருக்கே தெரியவில்லை.

கடையில் கூட்டம் இருந்தது. தனப்பிரியா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, லீவா என்று கேட்டாள். இல்லை என்றான். அவள் தராசை அவன் பக்கம் நகர்த்தினாள். அன்று அவன் கை நடுங்கியதில் எல்லோருக்கும் கொஞ்சம் அதிகமாகவே மாவு போயிற்று. அதனாலோ என்னவோ மறுநாள் எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். முதல் தேதி வந்து போன் ஒன்றும் சொல்லாமல் கிடந்தபோது அதை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தான். ஐப்பசி மழையில் நான்கு நாள் மாவு புளிக்காமல் கல்லாகக் கிடந்தது. அவன் விடைத்தாளில் எழுதியது அப்படியே நடந்தது. தனப்பிரியா அதை ரவா தோசைக்குக் கரைத்துப் பாதி விலைக்கு விற்றாள். இது அவன் எழுதிய எந்தத் தாளிலும் இல்லை.

பள்ளி அவன் ஓடிப்போனதாக அறிவிக்கவில்லை. செய்முறைத் தேர்வில் நூற்றுக்கு நூறு என்று புது பேனர் வைத்தது. பாடத்திட்டத்தையும் திருத்தினார்கள்: இனி எல்லோரும் டவுன் பஸ் ஏறி ராசிபுரம் வந்து, மோகன்குமார் கடையில் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கி, பஸ் ஸ்டாண்டு போய்த் திரும்பும் அதே பஸ்ஸில் போய்விட வேண்டும். சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. மாவு வாங்குபவர்களுக்குத்தான் கையெழுத்து என்று தனப்பிரியா சொல்லிவிட்டாள். சனிக்கிழமை வியாபாரம் ஏறியது. ஷாலினி இரண்டாவது வாரம் நோட்டை நீட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டு முடிவதற்குள் சேலம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அவள் நோட்டு கடையிலேயே கிடக்கிறது. ஹனீப் மூன்றாவது வாரம் போனார். இப்போது சேலத்தில் செருப்பு விற்கிறார். எந்தக் காலை முதலில் வைத்தார் என்று அவரும் கவனிக்கவில்லை.

இவர்களை அழைத்து வருபவர் சந்திரசேகர். அவர் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்குவதே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, இறங்கியவர்களையும் ஏறியவர்களையும் வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். வாரத்துக்கு வாரம் திரும்பி ஏறியவர்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். போகும்போது ஜன்னல் வழியாகத் தூக்குவாளியை நீட்டி ஒரு கிலோ மாவு கேட்பார். மோகன்குமார் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவான்.

தை பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை பஸ் வந்து நின்றபோது பள்ளியிலிருந்து அவரைத் தவிர யாரும் இல்லை. தூக்குவாளி நீண்டது. மோகன்குமார் எழுந்தான். தனப்பிரியா அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இன்னைக்கு எறங்கி வந்தாத்தானுங்க சார் மாவு," என்று அங்கிருந்தே சொன்னாள்.

சந்திரசேகர் பதிவேட்டைப் பார்த்தார். குறிக்க ஆள் இல்லை. எழுந்து, வாளியோடு படி வரைக்கும் வந்து, ஒரு காலைத் தரையில் வைத்தார். மற்றது படியிலேயே இருந்தது. கம்பியைப் பிடித்த கை விடவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். பின்னால் ஒரு லாரியும் அடித்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏறறீங்களா, எறங்கறீங்களா?"

சந்திரசேகர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவருடைய வினா வங்கியில் இல்லாத கேள்வி.

"ரெண்டுல ஏதாவது ஒண்ணை மட்டும் எழுதினாப் போதுமா?" என்றார்.

கண்டக்டருக்கு நேரமில்லை. விசில் அடித்துவிட்டார். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. கடையில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். புகை கலைந்த பிறகுதான் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்தது. பதிவேடு பஸ்ஸோடு போயிருந்தது. வாளி மட்டும் கையில் இருந்தது. முழங்கால் நடுங்க ரோட்டைக் கடந்து வந்து, கடைசி ஆளுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டார்.